தடுப்பின் பின்பக்கத்தையும் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சாலையோரத் தடுப்புகளின் தரம் பற்றி உங்கள் பத்திரிகையில் வரும் கடிதங்களைத் தொடர்ந்து படித்துவருகிறேன். எழுதியவர்களில் பெரும்பாலோர் கார் ஓட்டுகிறவர்கள், லாரி வைத்திருப்பவர்கள். தடுப்பு துருப்பிடித்துக் கிடக்கிறது, ஆட்டம் காண்கிறது, வண்டி மோதினால் தாங்காது என்பது அவர்கள் குறை. நியாயமான குறைதான். ஆனால் அதே தடுப்பை உரசிக்கொண்டு சைக்கிளில் போகிறவர்களைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை எழுதவில்லை. அதனால்தான் நான் எழுதுகிறேன்.

நான் ஒரு வெல்டர். தடுப்புகளைப் பொருத்துவதும், வண்டி மோதி நசுங்கியவற்றைக் கழற்றி மாற்றுவதும் எங்கள் பட்டறைக்கு வரும் வேலைகளில் முக்கியமானவை. வேலைக்குப் போவதும் வருவதும் சைக்கிளில். ஆகவே அந்த இரும்பைக் கையில் ஸ்பேனரோடும் பார்க்கிறேன், சீட்டில் உட்கார்ந்துகொண்டும் பார்க்கிறேன். கடிதம் கொஞ்சம் நீளம். பொறுத்துக்கொள்ள வேண்டும்.

தடுப்பே வேண்டாம் என்பதல்ல என் கட்சி. வளைவிலும் பள்ளத்தின் ஓரத்திலும் அது காப்பாற்றிய உயிர்கள் எத்தனையோ. நசுங்கிய தகட்டைக் கழற்றும்போது, இது இல்லாவிட்டால் அந்தக் கார் எங்கே போய் விழுந்திருக்கும் என்று கீழே எட்டிப் பார்த்து நாங்களே பதறியிருக்கிறோம். ஆனால் அது யாரை மனதில் வைத்துச் செய்யப்பட்ட பொருள் என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

ஐரோப்பாவில் இதற்கு ஈ.என். 1317 என்று ஒரு தரநிலை இருக்கிறது. அதில் ஒரு சோதனைக்கு 900 கிலோ காரை மணிக்கு 100 கி.மீ. வேகத்தில், 20 டிகிரி கோணத்தில் கொண்டுபோய்த் தடுப்பில் மோதவிடுவார்கள். இன்னும் உறுதியான தடுப்பு என்றால் 13 டன் பேருந்தை 70 கி.மீ. வேகத்தில் மோதவிடுவார்கள். அமெரிக்காவில் மாஷ் என்ற விதிமுறை. அங்கே 1,100 கிலோ கார், 2,270 கிலோ பிக்கப் வண்டி. வண்டி தடுப்பைத் தாண்டிப் போகக்கூடாது, உருளக்கூடாது, உள்ளே இருப்பவருக்குப் பெரிய அடி படக்கூடாது. இவைதான் தேர்வு. இந்தச் சோதனைகளில் சைக்கிள் கிடையாது.

கணக்குப் போட்டுப் பார்த்தால் வித்தியாசம் புரியும். 1,000 கிலோ கார் 80 கி.மீ. வேகத்தில் வருகிறது. சைக்கிளும் ஆளும் சேர்ந்து 90 கிலோ, வேகம் 20 கி.மீ. எடையில் 11 மடங்கு, வேகத்தில் 4 மடங்கு. மோதும் சக்தியோ வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். எனவே கார் கொண்டுவரும் சக்தி சைக்கிளைப் போல ஏறத்தாழ 180 மடங்கு. கார் மோதும்போது தூண் சாயும், தகடு இழுபட்டு வளையும், தடுப்பே சில அடி பின்னால் போய் அடியை வாங்கிக்கொள்ளும். அதுதான் அதன் சூட்சுமம். சைக்கிள்காரர் மோதினால் அது ஒரு விரற்கடைகூட அசையாது. வளைய வேண்டியதெல்லாம் அவர் உடம்புதான். காரில் இருப்பவருக்குச் சுற்றிலும் இரும்புக் கூடு, முன்னால் காற்றுப் பை, குறுக்கே பெல்ட். சைக்கிள்காரரின் முழங்காலுக்கும் தகட்டுக்கும் நடுவில் இருப்பது கால்சட்டைத் துணி மட்டும்.

இனி என் தொழில் சம்பந்தப்பட்ட இடத்துக்கு வருகிறேன்.

எங்கும் பார்க்கிற நெளித்தகட்டுத் தடுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். சாலையைப் பார்த்த பக்கம் வழவழப்பாக இருக்கும். போல்ட்டின் தலைகூட அந்தப் பக்கம் உருண்டையாக, காளான் குடைபோல இருக்கும். வண்டி உரசிக்கொண்டு போனாலும் எதிலும் மாட்டக்கூடாது என்பதற்காக அப்படி. அப்புறம் பின்பக்கம் போய்ப் பாருங்கள். ஒவ்வொரு தகடு இணைப்பிலும் எட்டு நட்டு. ஒவ்வொரு நட்டையும் தாண்டி போல்ட்டின் மரை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். சரியான நீளத்தில் போல்ட் கிடைக்காமல் நீளமானதைப் போட்டு முறுக்கிவிட்டுப் போன இடங்களில் அது கட்டைவிரல் நீளத்துக்குத் துருத்தும். தூணோ, பெரும்பாலும் சி வடிவத்திலோ ஐ வடிவத்திலோ உள்ள இரும்பு. அதன் விளிம்பு வட்டமாக இருக்காது, வெட்டிய தகட்டு விளிம்பு அப்படியே நிற்கும். துத்தநாகக் குளியலில் முக்கி எடுத்த பொருளில் கீழ் விளிம்பில் சொட்டுச் சொட்டாகத் துத்தநாகம் உறைந்து முள் மாதிரி நிற்பதுண்டு. பட்டறையில் அரம் போட்டுத் தேய்த்து அனுப்ப வேண்டும். அவசரத்தில் தேய்க்காமலும் வருகிறது. தடுப்பு வேலை செய்கிறவர்கள் கையில் தடித்த உறை மாட்டிக்கொள்வது சும்மா இல்லை.

இந்தப் பின்பக்கம் பள்ளத்தையோ வயலையோ பார்த்திருந்தால் யாருக்கும் நட்டமில்லை. ஆனால் இப்போது பல இடங்களில் என்ன செய்கிறார்கள்? சாலைக்கும் சைக்கிள் பாதைக்கும் நடுவில் இந்தத் தடுப்பை நிறுத்துகிறார்கள். வண்டிகளிடமிருந்து சைக்கிள்காரரைக் காப்பாற்ற நல்ல எண்ணத்தோடு செய்வதுதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் முகம் வண்டிக்கு, முதுகு சைக்கிளுக்கு என்று ஆகிவிடுகிறது. அந்த நட்டு, அந்த மரை, அந்தத் தூண் விளிம்பு எல்லாம் சைக்கிள்காரரின் முழங்கால், தொடை, முழங்கை மட்டத்தில் வரிசையாக நிற்கின்றன. சுமார் 2 மீட்டருக்கு ஒரு தூண். 20 கி.மீ. வேகத்தில் போகிறவர் ஒரு விநாடிக்குள் இரண்டு மூன்று தூண்களைக் கடக்கிறார். எதிரே வரும் சைக்கிளுக்கு வழிவிட ஒதுங்கினாலே போதும்.

இன்னொரு விஷயம் இருக்கிறது, இதைத் தடுப்பு வேலை தெரிந்தவர்கள் தவிர யாரும் கவனிப்பதில்லை. ஒரு தகட்டை இன்னொரு தகட்டின் மேல் ஏற்றித்தான் இணைப்போம். வண்டிகள் வரும் திசையில் இருக்கிற தகடு முன்னால், அடுத்தது அதன் பின்னால். அப்படிப் போட்டால்தான் உரசிக்கொண்டு வரும் கார் தகட்டின் முனையில் குத்துப்படாமல் வழுக்கிப் போகும். மாற்றிப் போட்டால் அந்த முனை காரைக் கிழிக்கும். எங்களுக்கு முதலில் சொல்லித் தருவதே இதுதான். சரி, இப்போது அதே இணைப்பைப் பின்பக்கமிருந்து பாருங்கள். அங்கே வெளியே தெரிவது இரண்டாவது தகட்டின் முனை. அது வண்டிகள் வரும் திசையைப் பார்த்து நிற்கிறது. அதாவது, பின்பக்கப் பாதையில் வண்டிகள் போகும் அதே திசையில் சைக்கிள் மிதித்துப் போகிறவருக்கு அந்த முனை எதிர்முகமாக இருக்கிறது. காருக்கு எது பாதுகாப்பு என்று வைத்தோமோ, அதுவே மறுபக்கத்தில் சைக்கிளுக்கு எதிராக நிற்கிறது. எங்கள் பட்டறையில் எடுபிடியாக இருந்த பையனுக்கு வீட்டுக்குப் போகிற வழியில் இப்படி ஒரு முனையில்தான் புறங்கை கிழிந்தது. பெரிய வேகமெல்லாம் இல்லை. பக்கத்தில் வந்த சைக்கிளுக்கு இடம்விட்டு நகர்ந்தான், அவ்வளவுதான். தையல் பிரித்த பிறகும் இரண்டு விரல்களை முழுதாக மடக்க முடியவில்லை. கிரைண்டர் பிடிக்கிற கை அது.

இதைச் சரிசெய்வது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. நீட்டிக்கொண்டிருக்கும் மரையை நட்டோடு சமமாக வெட்டி, வெட்டிய வாயில் துத்தநாகப் பெயிண்ட் அடிக்கலாம். பெயிண்ட் அடிக்காமல் விட்டால் அடுத்த மழைக்குள் துருவேறும், அதையும் சேர்த்துச் சொல்கிறேன். நட்டுக்குப் பதில் தொப்பி நட்டு போடலாம். எல்லாவற்றையும்விட நல்லது, சைக்கிள் பாதை பக்கமும் இன்னொரு தகட்டையோ வழவழப்பான குழாயையோ ஓடவிட்டுத் தூண்களை மூடிவிடுவது. இரண்டு பக்கமும் தகடு வைத்த தடுப்பு புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டிய பொருள் இல்லை. எதிரெதிர்த் திசை வண்டிகளுக்கு நடுவில் அப்படித்தான் வைக்கிறோம். இரண்டு பக்கமும் கார் போனால் இரண்டு பக்கமும் முகம் வைக்கத் தெரிகிறது. ஒரு பக்கம் சைக்கிள் போனாலும் அதே மரியாதை கொடுக்க வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

அடுத்தது உயரம். எனக்கு இதுதான் அதிகப் பயம்.

நெளித்தகட்டுத் தடுப்பின் உச்சி தரையிலிருந்து சுமார் 70 முதல் 80 சென்டிமீட்டர். காரின் பம்பருக்கும் பக்கவாட்டுக்கும் பொருத்தமான உயரம் அது. சைக்கிளில் உட்கார்ந்திருக்கும் பெரியவரின் சீட்டே ஏறத்தாழ 90 சென்டிமீட்டரில் இருக்கும். உடம்பின் பாரம் அதற்கும் மேலே. பாரம் மேலே இருக்க, தடுப்பு கீழே பிடித்து நிறுத்தினால் என்ன ஆகும்? சைக்கிள் நின்றுவிடும், ஆள் தடுப்பைத் தாண்டி மறுபக்கம் போவார். மறுபக்கம் மண் தரை என்றால் தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போகலாம். பாலமாக இருந்தால்? கீழே ரயில் பாதையோ ஆறோ இருந்தால்?

சைக்கிள் போகும் பாலங்களுக்குத் தனி உயரம் வேண்டும் என்பது உலகத்துக்குத் தெரியாத செய்தி அல்ல. அமெரிக்க வழிகாட்டிகள் குறைந்தபட்சம் 42 அங்குலம், அதாவது 1.07 மீட்டர் கேட்கின்றன. பிரிட்டனில் சைக்கிள் போகும் பாலத்துக்கு 1.4 மீட்டர். இரண்டுக்கும் நடுவில் எது சரி என்று பொறியாளர்கள் வாதாடட்டும். 75 சென்டிமீட்டர் சரி என்று யாரும் சொல்லவில்லை. பக்கக் காற்று அடிக்கிற உயரமான பாலத்தில் 1.4 மீட்டர்தான் வேண்டும் என்பது என் அபிப்பிராயம். கனமான லாரி ஒன்று பக்கத்தில் விர்ரென்று போனால் முதலில் சைக்கிள் வெளியே தள்ளப்படும், அடுத்த கணம் லாரி பக்கம் இழுக்கப்படும். அதை அனுபவித்தவர்களுக்கு இந்த அளவு அதிகம் என்று தோன்றாது.

ஏற்கனவே இருக்கும் குட்டையான கைப்பிடிச் சுவரை இடித்துக் கட்ட வேண்டியதில்லை. அதன் மேல் குழாய்க் கம்பி வேலி ஏற்றி உயர்த்தலாம். பல பாலங்களில் செய்கிறார்கள். ஆனால் ஏற்றும்போது ஒரு கவனம் வேண்டும். நிற்கும் கம்பிகளை நெருக்கமாக வைத்து மேலே ஒரு சட்டம் போட்டுவிட்டுப் போனால், ஹேண்டில்பாரின் நுனி இரண்டு கம்பிகளுக்கு நடுவில் நுழையும். நுழைந்தால் முன்சக்கரம் சட்டென்று திரும்பி ஆளைத் தூக்கி வீசும். எனவே ஹேண்டில்பார் உயரத்தில், கிட்டத்தட்ட 1 மீட்டர் மட்டத்தில், அகலமான வழவழப்பான பட்டை ஒன்று நீளவாக்கில் ஓட வேண்டும். உரசினால் வழுக்கிக்கொண்டு போய்விடும். சைக்கிள்களில் எல்லா ஹேண்டில்பாரும் ஒரே உயரம் இல்லை, பள்ளிப் பிள்ளைகளின் சைக்கிள் தாழ்வாக இருக்கும். அதனால் பட்டை ஒரு விரல் அகலத்தில் இருந்து பயனில்லை, ஒரு சாண் அகலமாவது வேண்டும். பட்டையை இணைக்கிற திருகுகளின் தலை பட்டைக்குள் அமிழ்ந்திருக்க வேண்டும். வெல்டிங் தையலை அரைத்துச் சமமாக்கியிருக்க வேண்டும். கையால் தடவிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

கீழ்ப்பக்கமும் ஒரு பிரச்சினை. தகட்டுக்கும் தரைக்கும் நடுவில் 40 சென்டிமீட்டருக்கு மேல் காலியாக இருக்கும். மிதித்துக்கொண்டிருக்கும்போது பெடல் அந்தக் காலி இடத்துக்குள் போய்வரும். தடுப்பை ஒட்டிப் போகிறவரின் பெடல் தூணில் தட்டினால் சைக்கிள் அங்கேயே நிற்கும், ஆள் நிற்கமாட்டார். விழுந்து சறுக்கினாலோ, உடம்பு அந்த இடைவெளிக்குள் புகுந்து தூணில் மோதும்.

மோட்டார் சைக்கிள்காரர்கள் இதற்காகப் பல ஆண்டுகள் குரல் கொடுத்தார்கள். அதன் பலனாக ஐரோப்பாவில் தகட்டுக்குக் கீழே தரைவரை இன்னொரு தகடு தொங்கவிட்டுத் தூண்களை மறைக்கும் முறை வந்தது. அதைச் சோதிக்கவும் தனி விதிமுறை வந்தது, 2012இல் ஒன்று, 2019இல் அதைத் திருத்தி இன்னொன்று. மனித உருவ பொம்மையைத் தரையில் சறுக்கவிட்டு மணிக்கு 60, 70 கி.மீ. வேகத்தில் தடுப்பில் மோதவைத்து, தலையிலும் கழுத்திலும் எவ்வளவு அடி என்று அளக்கிறார்கள். காருக்காகவே யோசித்துக்கொண்டிருந்த துறை, காரில் இல்லாத ஒரு மனிதனை முதல்முறையாக மனிதனாகப் பார்த்தது என்று நான் நினைக்கிறேன். சைக்கிளுக்கு அந்தக் கீழ்த்தகடு பாதி உதவும். பெடல் மாட்டாது, கால் உள்ளே போகாது. மேலே கவிழ்ந்து விழுவதை அது தடுக்காது. சைக்கிள்காரர் பெரும்பாலும் நிமிர்ந்த நிலையில்தான் மோதுகிறார், சறுக்கிக்கொண்டு அல்ல. அவருக்கென்று ஒரு சோதனை இன்னும் எழுதப்பட வேண்டும்.

கான்கிரீட் தடுப்பு பற்றிச் சுருக்கமாக. அடி அகன்று, மேலே போகப் போகக் குறுகும் அந்த வடிவம் 1950களில் அமெரிக்காவின் நியூஜெர்சியில் உருவானது. அடியில் சுமார் 60 சென்டிமீட்டர், உச்சியில் சுமார் 15 சென்டிமீட்டர், உயரம் 81 சென்டிமீட்டர். காரின் டயர் அந்தச் சரிவில் கொஞ்சம் ஏறி இறங்கித் திரும்பவும் சாலைக்கு வந்துவிடும். சைக்கிளுக்கு அந்தச் சரிவு உதவாது. பெடல் சரிவில் இடிக்கும். முன்சக்கரம் சரிவில் ஏறினால் கவிழ்வது நிச்சயம். உச்சியைப் பார்த்து இடம் இருக்கிறது என்று நினைத்து ஒதுங்குகிறவருக்குக் கீழே ஒரு பக்கத்துக்கு 20 சென்டிமீட்டருக்கு மேல் குறைவாக இருக்கிறது என்பது இருட்டில் தெரியாது. சைக்கிள் பாதை பக்கம் செங்குத்தான முகம் உள்ள கட்டைகளை வைப்பதே நல்லது.

இதுவரை சொன்னது இரும்பும் சிமெண்டும். ஆனால் எந்தத் தடுப்பானாலும், எங்கே வைக்கிறோம் என்பதில்தான் பாதி உயிர் இருக்கிறது. வண்டிகளின் ஓரக்கோட்டுக்கு வெளியே ஒரு மீட்டர் தார்ப்பாதை இருந்தால், சைக்கிள்காரர்கள் அதில் போவார்கள். தடுப்பு வைக்க வருகிறவர்கள் மண்ணில் குழி தோண்டினால் பிடிமானம் போதாது என்று அந்த ஒரு மீட்டருக்குள் தூணை இறக்கிவிடுகிறார்கள். மீதி இருப்பது அரை மீட்டர். சைக்கிளின் அகலமே 60 சென்டிமீட்டர், ஆடி அசைந்து போவதற்கும் சேர்த்து ஒரு மீட்டர் வேண்டும். அது போக, உயரமான பொருளின் பக்கத்தில் யாரும் ஒட்டிக்கொண்டு ஓட்டமாட்டார்கள், கை தானாகவே விலகும். பிரிட்டன் 2020இல் வெளியிட்ட எல்.டி.என். 1/20 என்ற வழிகாட்டி இதைக் கணக்கில் எடுத்து, 60 சென்டிமீட்டருக்கு மேல் உயரமான எதுவும் பக்கத்தில் இருந்தால் பாதையின் அகலத்தில் அரை மீட்டர் கூடுதலாகச் சேர்க்கச் சொல்கிறது. ஆக, தடுப்பு வைத்ததும் சைக்கிள்காரர் எங்கே போகிறார்? லாரி ஓடும் தடத்துக்குள். முன்பாவது ஆபத்து என்றால் மண்ணில் இறங்கிவிடலாம். இப்போது ஒரு பக்கம் லாரி, ஒரு பக்கம் தகடு. இறங்க வழியில்லை.

என்னைக் கேட்டால், தடுப்பு சைக்கிள்காரருக்கு வெளியே இருப்பதைவிட அவருக்கும் லாரிக்கும் நடுவில் இருப்பது எவ்வளவோ மேல். அதற்கு இடமில்லாத சாலையில், தூணை ஓரத்துக்குத் தள்ளி, மண்ணில் பிடிமானம் கிடைக்க நீளமான தூணை ஆழமாக இறக்கலாம். செலவு கொஞ்சம் கூடும். கூடட்டும். நீளமான தடுப்பில் அங்கங்கே இறங்கி ஒதுங்க இடைவெளியும் வேண்டும். இடைவெளியின் இரண்டு முனைகளும் மீன்வால் போல விரிந்து சாலையைப் பார்த்து நிற்காமல், பின்பக்கம் வளைத்து ஒதுக்கி விடப்பட்டிருக்க வேண்டும்.

சைக்கிள் பாதையின் நடுவில் நிற்கிற குட்டைத் தூண்களையும் சொல்ல வேண்டும். கார் நுழையக்கூடாது என்று நடுகிறார்கள். கூட்டமாகப் போகும்போது முன்னால் போகிறவர் விலகினால் பின்னால் வருகிறவருக்குத் தூண் கண்ணில் படும்போது நேரம் முடிந்திருக்கும். சைக்கிளுக்குப் பேர்போன நெதர்லாந்திலேயே இந்தத் தூண்களில் மோதி நடக்கும் விபத்துகளைப் பார்த்து, தேவையில்லாதவற்றைப் பிடுங்கிவிடுங்கள், இருந்தே தீர வேண்டும் என்றால் அதற்கு முன்பே தரையில் வெள்ளைக் கோடும் கையில் அதிர்வு தெரிகிற பட்டையும் போடுங்கள் என்று சொல்கிறார்கள். இரண்டு தூண்களுக்கு நடுவில் ஒன்றரை மீட்டராவது வேண்டும். தூணுக்குத் தூண் சங்கிலி கட்டுவதை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் செய்யாதீர்கள். இரவில் சங்கிலி தெரியவே தெரியாது. அது கழுத்து மட்டத்தில் இல்லை, சக்கர மட்டத்தில்தானே இருக்கிறது என்று ஒரு மேற்பார்வையாளர் என்னிடம் சொன்னார். சக்கரம் நின்றால் ஆள் எங்கே போவார் என்று அவருக்கு அதே இடத்தில் சைக்கிளைத் தள்ளிக் காட்டினேன். அன்று மாலையே சங்கிலி அவிழ்ந்தது. நேரில் காட்டினால் கேட்கிறார்கள், கேட்காமல் இல்லை.

இங்கே ஒரு எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு யாராவது ஆர்வத்தில் தடுப்பின் மேல் கம்பியையும் பலகையையும் கண்டபடி பற்றவைக்க ஆரம்பித்தால் விபரீதம். துத்தநாகம் பூசிய இரும்பில் வெல்டிங் வைத்தால் அந்த இடத்தில் பூச்சு எரிந்துபோகும், உள்ளிருந்து துரு அரிக்கும். அதைவிடப் பெரிது, கார் மோதும்போது அந்தக் கம்பி பிய்ந்து ஈட்டி மாதிரி கண்ணாடிக்குள் பாயும். தூண் சாய வேண்டிய நேரத்தில் சாயாமலும் போகலாம். சோதித்துச் சான்று வாங்கிய பொருளில் எதைச் சேர்த்தாலும் அதைச் செய்த நிறுவனத்தின் சம்மதமும், சேர்த்த பிறகு ஒரு சோதனையும் வேண்டும். சைக்கிள்காரரைக் காப்பாற்றப் போய்க் காரில் இருக்கிற குழந்தையைக் காவு கொடுக்க முடியாது. மரையை வெட்டுவது, தொப்பி நட்டு போடுவது, துத்தநாக முள்ளைத் தேய்ப்பது, விளிம்புக்கு ரப்பர் உறை மாட்டுவது போன்றவை தடுப்பின் பலத்தைத் தொடாத வேலைகள். அவற்றையாவது நாளைக்கே தொடங்கலாம்.

ஹெல்மெட் போடச் சொல்லுங்கள், எல்லாம் சரியாகிவிடும் என்று ஒரு அதிகாரி எங்களிடம் சொன்னதுண்டு. நான் ஹெல்மெட் போடுகிறவன். எல்லோரும் போட வேண்டும் என்றும் சொல்கிறேன். ஆனால் அது மண்டையை மட்டும்தான் காக்கும். தடுப்பு முதலில் தொடுவது முழங்காலையும் தொடையையும் விரல்களையும்.

இதில் எல்லாம் கோளாறு எங்கே என்று கேட்டால், வேலை ஒப்பந்தத்திலும் வேலையைச் சரிபார்க்கும் முறையிலும் என்பேன். எங்களுக்கு வருகிற தாளில் தகட்டின் கனம், தூணின் ஆழம், உச்சியின் உயரம், துத்தநாகப் பூச்சின் அளவு எல்லாம் இருக்கும். பின்பக்கம் யார் போவார்கள் என்று ஒரு வரிகூட இருக்காது. வரியில் இல்லாத வேலைக்குப் பணம் கிடையாது, பணம் இல்லாத வேலையை ஒப்பந்தக்காரர் செய்யச் சொல்லமாட்டார். மரையை வெட்டிவிட்டுப் போகலாமா என்று கேட்ட எங்களிடம், பில்லில் இல்லாததைச் செய்யாதே என்று சொன்ன இடமும் உண்டு. அவர் மேல் எனக்குக் கோபமில்லை. தாளில் எழுதாதவர்கள் மேல்தான் வருத்தம். 'சைக்கிள் பாதையை ஒட்டிய தடுப்பில் அந்தப் பக்கமும் துருத்தலோ கூர் விளிம்போ இருக்கக்கூடாது' என்று ஒரு வாக்கியம் சேர்த்தால் போதும். ஒரு போல்ட்டை வெட்டிப் பெயிண்ட் அடிக்க ஒரு நிமிடம் ஆகும். அதைப் பொருத்துகிற அன்றே செய்தால் தனியாக வண்டி, ஆள், போக்குவரத்து மாற்றம் எதுவும் வேண்டாம். பிறகு வந்து செய்வதென்றால்தான் செலவு.

பழுதுபார்க்கும்போதும் அதே கதைதான். பத்துத் தகடு நசுங்கினால் பத்துத் தகடு மாற்றுகிறோம். பழைய தூணின் அடிப்பாகம் தரையில் அரையடி உயரத்துக்கு அறுபட்டு நிற்பதை அப்படியே விட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். காருக்கு அது ஒன்றும் செய்யாது. சைக்கிள் சக்கரத்துக்கும் விழுந்தவரின் முகத்துக்கும் அது என்ன செய்யும் என்று எழுதவே கை வரவில்லை. தற்காலிகமாக வைக்கிற பேரிகேட்டின் கால்களும் அப்படித்தான், பாதைக்குள் முக்கால் அடி நீட்டிக்கொண்டு நிற்கும். அந்தக் கால்கள் போக்குவரத்து போகும் திசைக்கு இணையாக இருக்கும்படி திருப்பி வைத்து, ஒரு ஒளிரும் பட்டை ஒட்டினால் போகிறது.

எனவே சாலைத் துறையில் இருப்பவர்களுக்கு உங்கள் பத்திரிகை மூலம் என் வேண்டுகோள் இது. தடுப்பு வேலை முடிந்து பில்லில் கையெழுத்துப் போடுவதற்கு முன்பு, ஒரு சாதாரண சைக்கிளை எடுத்துக்கொண்டு அந்தத் தடுப்பை ஒட்டி முழுத் தூரமும் ஒருமுறை போய்வாருங்கள். பின்பக்கம் பாதை இருந்தால் பின்பக்கமும், இரண்டு திசையிலும். பகலில் ஒருமுறை, இருட்டிய பிறகு சைக்கிள் விளக்கோடு ஒருமுறை. எங்கே கை தானாக விலகுகிறது, எங்கே பெடல் தட்டுகிறது, எங்கே ஒதுங்க இடமில்லை என்று குறித்துக்கொள்ளுங்கள். பொருத்திய ஆட்களில் ஒருவரையும் கூட்டிக்கொண்டு போனால் கிரைண்டரையும் பெயிண்டையும் அவர் கையோடு கொண்டுவருவார். குறித்ததைச் சரிசெய்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
சைக்கிளில் வேலைக்குப் போகும் ஒரு வெல்டர்